ஃபோர்மேன் இருந்த பெட்டியில் நான் போட்ட துளை

ஆமாம், துளை போட்டேன். ஆனால் உன் வீட்டுக்காரர் உன்னிடம் சொன்ன மாதிரி "கை சும்மா இருக்காமல்" போட்ட துளை இல்லை அது. ஒரு மனிதர் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வரவேண்டியிருந்தது. செத்தவர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று உள்ளேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறாயா?

சூட்டில் மரியாதை விட்டுப்போய்விட்டது. முறைப்படி தொடங்குகிறேன். அன்பும் பாசமும் அவ்வப்போது முதுகில் ஒன்றும் கொடுத்து வளர்த்த அக்காவுக்கு, "இவன்தான் படிப்பை நிறுத்திட்டவன்" என்று நீ எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைக்கும் அதே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் வீட்டுக்காரரான என் மாமாவும் சுகம், என்னைப் பார்க்காத நேரங்களில். உன் நர்ஸ் பயிற்சி நன்றாகப் போகிறது என்றும் விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்றும் அறிந்தேன். முதலாவதற்குச் சந்தோஷம். இரண்டாவதற்கு ரொம்பச் சந்தோஷம், நான் சமைத்ததைத் தட்டோடு தள்ளிவிட்டுப் போனவள்தானே நீ. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ நடுவில் கத்துவாய். காகிதத்தைப் பார்த்து எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

விஷயம் ஒன்றுதான். மாமா என்னை அப்பாவிடம் திருப்பி அனுப்பப்போகிறார். அப்பா என் காதைப் பிடித்துக் கொண்டுபோய் அதே காலேஜில், அதே பெஞ்சில் உட்காரவைப்பார். துளை போடும் டிரில் பிட்டைப் பற்றி அங்கே எனக்கு ஒரு முழுப் பாடமே உண்டு. வாத்தியார் பலகையில் படம் போட்டார், நாங்கள் நோட்டில் படம் போட்டோம், பரீட்சையிலும் படம் போட்டோம். கடைசிவரை ஒரு பிட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. மறுபடி அங்கே போய்ப் படம் போட என்னால் முடியாது அக்கா. நீ ஒரு வார்த்தை சொன்னால் மாமா கேட்பார், உன் வார்த்தைக்கு மட்டும்தான் அவர் பயப்படுவார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் இத்தனை தாள். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

முதலில் அந்தப் பூட்டு. செத்தவர்களை வைக்கிற ஃப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு விடுகிற மாமாவின் தொழிலில் பூட்டு எதற்கு என்று எந்தப் பைத்தியக்காரனும் கேட்பான். உள்ளே இருப்பவர் எழுந்து போகப்போவதில்லை. ஆனால் நீ பயிற்சிக்குப் போனபிறகு ஒரு வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள், நல்ல வெயில், குளிர்பான பாட்டிலையெல்லாம் கொண்டுவந்து பெரியவரின் காலடியில் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். மாமா போய்ப் பார்த்தபோது ஒருத்தர் மூடியைத் திறந்து "சில்லுனு இருக்கா?" என்று பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டு வார்த்தை திட்டினால் முடிந்துபோகிற விஷயம். உன் வீட்டுக்காரரோ மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற ஜாதி. பழைய இரும்புக் கடையில் ஏதோ பணப்பெட்டகத்தின் கதவிலிருந்து கழற்றிய பூட்டு ஒன்று கிடைத்ததாம். மூடியை மூடினாலே டக்கென்று தானாகப் பூட்டிக்கொள்ளும். துளை போட்டுத் திறக்க முடியாதபடி அதன் முகத்தில் காய்ச்சி இறுக்கிய இரும்புத் தகடு வேறு. திருடர்கள் வெளியிலிருந்து வருவார்களா, உள்ளிருந்து வருவார்களா என்று நான் கேட்டேன். "வாயை மூடிட்டு பெட்டியைத் தூக்கு" என்றார். தூக்கினேன்.

அப்படித் தூக்கிக்கொண்டு போன வீடுதான் ஃபோர்மேன் வீடு. ஒரு பெரிய தொழிற்சாலையில், இயந்திரங்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்கிற பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூடத்தில் சுவரோரமாக வைத்தோம், பிளக்கைச் செருகினோம், மாமா அடுத்த வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் காவலுக்கு. ஃபோர்மேனின் மகன் வந்து, "அப்பா சட்டைக் காலர் மடங்கியிருக்கு, கொஞ்சம் சரி பண்ணிடுங்க" என்றார். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆள், அப்பாவைத் தொடப் பயம். நான் சாவி போட்டு மூடியைத் தூக்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, காலரைச் சரிசெய்து, ரொம்ப மரியாதையாக மூடினேன். டக். மதியம் அவரை எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டிய நேரம் வந்தபோது சட்டைப் பையைத் தடவுகிறேன், சாவி இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஃபோர்மேனின் கோத்த விரல்களுக்கு மேலே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நான் குனிந்தபோது விழுந்திருக்கிறது. இன்னொரு சாவி எங்கே என்றுதானே கேட்கிறாய்? அதுவும் அங்கேதான். இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து என்னிடம் கொடுத்த மகானை நீதான் கட்டிக்கொண்டிருக்கிறாய்.

மாமாவுக்குப் போன் போட்டேன். என் பிறப்பில் ஆரம்பித்து நம் அப்பா வழியில் நாலு தலைமுறையைத் தொட்டுவிட்டு, "கண்ணாடில மட்டும் கை வச்ச, தொலைச்சுடுவேன்டா. அந்த அளவுல கண்ணாடி இப்ப எங்கயும் கிடைக்காது. பூட்டைத் துளை போட்டு எடு" என்றார். கவனி. துளை போட்டு எடு. அவர் வாயால் சொன்னது. இப்போது அதே வாய் உன்னிடம் என்ன சொல்கிறது பார்.

மயான அலுவலகத்தைச் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். அதற்குள் போகாவிட்டால் மறுநாள்தான். மகன் உள்ளே ஓடிப்போய், சுவரில் அலமாரி மாட்ட வாங்கிய டிரில் மெஷினைக் கொண்டுவந்தார். அதிலிருந்த கறுப்புப் பிட்டை வைத்து, முழு வேகத்தில் பூட்டின் முகத்தில் வைத்து அழுத்தினேன். பனிக்கட்டியில் வழுக்குகிற மாதிரி பிட்டு இங்கே வைத்தால் அங்கே போகிறது. கீச்சென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, எடுத்துப் பார்த்தால் பிட்டின் முனை நீலமாகி மொண்ணையாகிவிட்டது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து உள்ளே வந்தார்கள். இரண்டு பேரும் ஃபோர்மேனிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கைக்குட்டையை வாயில் வைத்து விம்மிக்கொண்டிருந்தார்கள். டிரில் சத்தம் கேட்டதும் கைக்குட்டை பைக்குள் போய்விட்டது. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஒருத்தரை எல்லோரும் கோபால்ட் என்றார்கள், இன்னொருத்தரை டிகிரி என்றார்கள். ஏன் என்று ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"தம்பி, இது சாதா பிட்டு. தகரத்துக்கும் மரத்துக்கும்தான் ஆகும்" என்றார் கோபால்ட். "காய்ச்சின இரும்புக்கு கோபால்ட் கலந்த பிட்டு வேணும். அதுதான் சூடு தாங்கும். கடைக்கு ஆள் அனுப்பு."

"பிட்டு எதுவா இருந்தா என்னய்யா? மூக்கோட கோணம் எத்தனை டிகிரி, அதைச் சொல்லு" என்றார் டிகிரி. "கூர் மூக்கு வழுக்கத்தான் செய்யும். கெட்டி இரும்புக்குத் தட்டை மூக்கு. நூத்தி முப்பத்தஞ்சு டிகிரி. குறைஞ்சா தொடாதே."

"உன் மூக்கு எத்தனை டிகிரி?"

"என் மூக்கை விடு. அன்னைக்கு அச்சுத் தகட்டுல ஓட்டை போடறேன்னு வரிசையா பிட்டை உடைச்சியே, அது யாரு?"

"உடைச்சது நானா? மெஷின் ஆடுச்சுய்யா!"

"மெஷின் ஆடல. நீதான் ஆடின."

இதெல்லாம் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் நின்றுகொண்டு, நடுவில் ஃபோர்மேன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது. நான் மகனைப் பார்த்தேன். அவர் ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். "சுவர்ல ஓட்டை போடற பிட்டு இருக்கே, சிமென்ட்டையே உடைக்குமே" என்று அதை எடுத்து மாட்டி, மெஷினில் சுத்தியல் படம் போட்ட பக்கம் திருகைத் திருப்பிவிட்டு, யாரும் தடுக்கும் முன்னால் பூட்டில் வைத்து அழுத்திவிட்டார். அக்கா, தடதடவென்று பெட்டி மொத்தமும் அதிர்ந்தது. உள்ளே ஃபோர்மேன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்ட ஆரம்பித்தார். வேகமாக. கண்டிப்பாக.

"பாத்தியா! அவரே வேணாங்கிறாரு!" என்று கத்தினார் கோபால்ட்.

"சுத்தியல் போட்டு இரும்புல ஓட்டையா? உசுரோட இருந்திருந்தா எழுந்து வந்து அறைஞ்சிருப்பாரு" என்றார் டிகிரி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். மகன் மெஷினை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போய் மறுபடி அழுதார். இந்த முறை எதற்காக என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

கடையிலிருந்து கோபால்ட் பிட்டு வந்தது. வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள், அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். எண்ணெய் விடாமல் ஓட்டாதே என்றார்கள். மெஷின் எண்ணெய்க்கு எங்கே போவது? ஃபோர்மேனின் மனைவி அதுவரை பெட்டிக்குப் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில், தரையில் கால் மடக்கி உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர், "அடுப்புப் பக்கத்துல சமையல் எண்ணெய் இருக்கு, எடுத்துக்கோ தம்பி" என்றார். சமையல் எண்ணெயை ஊற்றி ஓட்டினேன். வெட்டியது அக்கா! முதல் முறையாக வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு சுருள் மெல்ல எழுந்து வந்தது. கூடவே எண்ணெய் காய்ந்து வீடெல்லாம் பலகாரம் பொரிக்கிற வாசனை. வாசலில் ஒரு கிழவர், "அதுக்குள்ள சமையலா? எடுத்துட்டுப் போகட்டுமே, என்ன அவசரம்" என்று சத்தமாக வருத்தப்பட்டார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த இரண்டு பேரும் வாயை மூடியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். "அழுத்து" என்கிறார் ஒருத்தர். "அழுத்தாதே, ஆடும்" என்கிறார் இன்னொருத்தர். நான் யார் பேச்சைக் கேட்பது என்று கையைத் தளர்த்தினேன். தளர்த்தியதுதான் தப்பு. அழுத்தாமல் சுற்றவிட்டால் பிட்டு வெட்டாது, உரசும். உரசினால் சூடேறும், சூடேறினால் கூர் செத்துப்போகும். செத்துப்போனது. இரண்டு பேரும் ஒரே குரலில், "உன்னாலதான்" என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சொன்னார்கள். கடையில் இருந்தது அந்த ஒரு பிட்டுதானாம்.

அப்போது கோபால்ட் மெதுவாக, ஏதோ கெட்ட வார்த்தை சொல்கிற மாதிரி, "அந்தச் சாமான் உள்ளே இருக்கும்" என்றார். டிகிரி பெட்டியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தரமாட்டாரே" என்றார். என்ன சாமான், யார் தரமாட்டார் என்று நான்தான் கேட்டேன். கார்பைடு பிட்டு. பிட்டு சாதியிலேயே கெட்டியானது. இப்படிப்பட்ட தகட்டை வெட்டுவதற்கென்றே பிறந்தது. ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், கை ஒரு இழை ஆடினாலும் போச்சு. ஃபோர்மேன் அதைக் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டியில், வெல்வெட் துணியில் சுற்றிப் பூட்டி வைத்திருந்தாராம். வேலை பார்த்த காலம் முழுக்க இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. பாதி வயதை அந்தப் பிட்டைக் கேட்டே கழித்த மனிதர்கள், அவர் செத்தபிறகும் கேட்கப் பயந்து நிற்கிறார்கள்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார் கோபால்ட்.

"அவர் இருந்தா குடுத்திருக்க மாட்டாரு" என்றார் ஃபோர்மேன் மனைவி.

"தெரியும் அண்ணி."

"இப்ப கேட்டுப் பாருங்க. வேணாம்னு சொன்னா வச்சுடுங்க."

இரண்டு பேரும் நிஜமாகவே பெட்டியைப் பார்த்தார்கள். ஃபோர்மேன் இந்தமுறை தலையை ஆட்டவில்லை. அந்த அம்மா எழுந்து உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து கொண்டுவந்து வைத்தார்.

யார் ஓட்டுவது என்று வந்தது. கோபால்டுக்குக் கை நடுக்கம். டிகிரிக்குக் கண் ஆபரேஷன் ஆகி நேர்கோடே இரண்டாகத் தெரிகிறதாம். மிச்சம் நான்தான். பெட்டியின் விளிம்பில் முழங்கையை ஊன்றி, மெஷினை மார்போடு அணைத்து, மூச்சை அடக்கி நின்றேன். அக்கா, பிறந்ததிலிருந்து ஓர் இடத்தில் நின்றதாக என்மேல் யாரும் புகார் கொடுத்ததில்லை. வகுப்பில் நிற்கவில்லை, வேலையில் நிற்கவில்லை, குடும்பப் போட்டோவில் நிற்கவில்லை, அதில் நான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கலான கை மட்டும் இருப்பது உனக்கே தெரியும். அன்றைக்கு நின்றேன். சொன்னால் சிரிப்பாய், எனக்கு அது பிடித்திருந்தது. பிட்டு தகட்டைக் கடிக்கிறது என்பது காதுக்குத் தெரியும் முன்னால் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. மாவு மாதிரி சாம்பல் தூள் வந்துகொண்டே இருந்தது. கோபால்ட் மூச்சுவிடவில்லை, டிகிரி டிகிரி சொல்லவில்லை. "தம்பி கை நிக்குதுய்யா" என்று மட்டும் யாரோ முணுமுணுத்தது கேட்டது. இதுவரை யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்த வேலையை விட்டுப் போகமாட்டேன் என்கிறேன், செத்தவர்களைத் தூக்கிச் சுமக்க ஆசைப்பட்டு இல்லை.

பிறகுதான் வந்தது வினை. கெட்டித் தகடு முடியும் இடத்தில் கையைத் தளர்த்தவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பக்கம் பிட்டு குபீரென்று பாயும். இது அந்த இரண்டு பேருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்த விஷயம். சொல்லவேண்டிய அந்த நிமிடத்தில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, மெய்மறந்து, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசவேண்டாத நேரமெல்லாம் பேசினார்கள், பேசவேண்டிய ஒரே நேரத்தில் ஊமையானார்கள். பிட்டு பாய்ந்தது. பூட்டு சிதறியது, பிட்டு இரண்டாக ஒடிந்தது, அதற்கு முன்னால் உள்தகட்டையும் தாண்டிக் குளிர் வாயு ஓடுகிற குழாயில் போய் ஒரு முத்தம் கொடுத்துவிட்டது. உஸ்ஸ்ஸென்று நீளமாக ஒரு பெருமூச்சு. வெள்ளைப் புகை. மூடி தானாக அரை அங்குலம் மேலே எழும்பியது. வாசலில் நின்ற பாதிக் கூட்டம் அடுத்த நொடி தெருவில் இருந்தது. பலகாரத்துக்கு வருத்தப்பட்ட கிழவர் கைத்தடியை விட்டுவிட்டு ஓடினார். கைத்தடி இல்லாமலே நன்றாகத்தான் ஓடினார்.

ஃபோர்மேன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மயானக் கதவை மூடவந்தவரை டிகிரி பேச்சுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார், வேறு எதைப் பற்றி, கதவுக் கீலில் இருந்த துளையின் கோணத்தைப் பற்றித்தான். ஆகவே அக்கா, நடந்தது இதுதான். பெட்டி இப்போது குளிரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பூட்டை மாட்டியது மாமா, இரண்டு சாவியையும் ஒன்றாகக் கொடுத்தது மாமா, கண்ணாடியைத் தொடாதே என்றது மாமா, துளை போடு என்றதும் மாமா. துளை போடுவதைத் தவிர வேறு வழியே இல்லை. எத்தனையோ வருடம் இரும்போடு கிடந்த இரண்டு பேரே அதற்குச் சாட்சி. குழாயை ஒட்டவைத்து வாயு நிரப்ப ஆள் பார்த்துவிட்டேன், நானே கூட நின்று செய்துகொடுக்கிறேன். என்னை மட்டும் அப்பாவிடம் அனுப்பவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். மூத்தவளான நீ என்னை ஆசீர்வதிக்கவேண்டும், திட்டி முடித்த பிறகாவது. உன் விடுதிச் சமையல்காரருக்கு என் மனமார்ந்த நன்றியைச் சொல். மாமாவுக்கு என் வணக்கத்தை நீயே சொல், நான் சொன்னால் அடிப்பார்.

இப்படிக்கு,
உன் கைக்கு அடங்காத தம்பி

பின்குறிப்பு: தாள் தீர்ந்துவிட்டதால் நடுத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கடிதத்தை முடித்துவிட்டு, அவசரத்தில் என் பையோடு வந்துவிட்ட தகரப் பெட்டியையும் ஒடிந்த பிட்டையும் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஃபோர்மேன் வீட்டுக்குப் போனேன். பிட்டு உடைஞ்சுபோச்சும்மா, மன்னிச்சுக்கங்க என்றேன். "உடையட்டும். யாருக்கும் குடுக்காம வச்சிருந்து அவர் என்னத்தைக் கண்டாரு" என்றார் அந்த அம்மா. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஏன் தம்பி, அந்த மூடியோட கீல்ல ரெண்டு ஸ்க்ரூ இருந்துச்சே, அதைக் கழட்டியிருந்தா மூடி அப்படியே கையோட வந்திருக்காது?" என்று கேட்டார். எனக்குத் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. எந்த ஸ்க்ரூம்மா என்றேன். "பின்பக்கம், சுவரோரமா. என் முட்டிக்கு நேராத்தானே இருந்துச்சு. என் தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரே போதும்னு நெனச்சேன்." அப்பவே ஏம்மா சொல்லல என்றேன். சிரித்தார் அக்கா, வாய்விட்டு. "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் பேசுவாரு, அந்த ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுக் கேப்பாங்க. ஒரு நாளாவது அவங்க கத்தட்டும், இவர் படுத்துக்கிட்டுக் கேக்கட்டும்னு விட்டுட்டேன்."

திரும்பி வந்து, பெட்டி கிடக்கிற மாமாவின் பட்டறையில் குனிந்து பார்த்தேன். இரண்டு ஸ்க்ரூ. ஒன்று என் நகத்துக்கே திரும்பியது. இரும்பைப் பார்த்ததும் துளை போடத் தோன்றுகிற மூன்று பேர் ஒரே அறையில் இருந்தால் பின்பக்கம் யார் போய்ப் பார்ப்பார்கள்? ஆகவே இந்தக் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டும்போது இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துப் போட்டுவிடு. இரு, இரு, கிழிக்காதே. இப்போதுதான் தாளைத் திருப்பிப் பார்க்கிறேன், இதன் மறுபக்கத்தில்தான் மாமா போனில் "துளை போட்டு எடு" என்று சொன்ன பகுதி இருக்கிறது. எனக்கு இருப்பதே அந்த ஒரு பிடிதான். நீயே யோசித்து ஏதாவது செய். கீழே பட்டறையில் மாமா பெட்டியைச் சுவரோரத்திலிருந்து இழுக்கிற சத்தம் கேட்கிறது. பின்பக்கத்தைத் திருப்புகிறார் போலிருக்கிறது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் போகணு